கருகிய காது

என் கணவன் ஹல்லே ஆட்டுத் திருடன் என்றுதான் எங்கள் வோஸ் ஊர் முழுக்கப் பேச்சு. தேவாலய வாசலில் நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கிற மரியாதை. அவன் திருடவில்லை. எங்கள் வீட்டில் யாருமே திருடவில்லை. நடந்தது முழுவதும் தெரிந்தவள் நான் ஒருத்திதான், என் வாயை நம்ப ஆளில்லை. போகட்டும், ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அறுப்பு என் வேலை. ஹல்லேக்கு ரத்தம் ஆகாது. கோழிக் கழுத்தைத் திருகினாலே முகம் வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வான். கல்யாணமான முதல் அக்டோபரில் கத்தியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஆட்டை நான் பிடித்துக்கொண்டேன். ஆடு நின்றது, அவன் விழுந்தான். அன்றிலிருந்து கத்தி என்னிடம், தண்ணீர் வாளி அவனிடம். ஆண்கள் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்படி ஒரு மனிதன்.

எங்கள் ஊருக்கு ரயில் வந்து ஆறாவது வருடம் அது. அந்த அக்டோபரில் பதினான்கு ஆடு அறுத்தேன். கோடாலியின் பின்பக்கத்தால் நெற்றியில் ஒரே அடி, முன்னங்கால் மடியும்போதே கழுத்தில் கத்தி. ரத்தம் பாத்திரத்தில் நுரைத்து விழும், அதை உறையாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது அடி கேட்கிற ஆட்டைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், என் மேல்தான். அந்த வருடம் ஒன்றுகூட இரண்டாவது அடி கேட்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் முழங்கை வரை காய்ந்த ரத்தம், தோள் கழன்று விழுகிற வலி, கொட்டகை ஓரத்தில் பதினான்கு தலை குவிந்து கிடந்தது.

காது விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோடை முழுக்க மலையில் எல்லார் ஆடும் கலந்துதான் மேயும். யாருடையது என்று காதுதான் சொல்லும். எங்கள் குறி, இடது காதின் அடியில் ஒரு கொத்து, வலது காதின் நுனியில் ஒரு பிளவு. பங்காளி குல்லிக் வீட்டுக் குறி, இடது காதில் அதே கொத்து, வலது காதில் நுனியே இருக்காது, நேராக வெட்டியிருக்கும். ஹல்லேயின் தாத்தாவும் குல்லிக்கின் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். நிலத்தைப் பிரித்தபோது காதையும் பிரித்துக்கொண்டார்கள். இடது காது இரண்டு வீட்டுக்கும் பொது, வலதைப் பார்த்துத்தான் ஆள் சொல்ல முடியும்.

அறுத்த தலையிலிருந்து காதை வெட்டி எறிகிறவன் திருடன். எங்கள் பக்கத்தில் அதற்கு விசாரணைகூடக் கிடையாது. யார் வந்து கேட்டாலும் காதைக் காட்ட வேண்டும். கேட்கிறவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பான், காட்டுகிறவள் ஒரு குவளை பீரும் ஊற்றிக் கொடுப்பாள். அதுதான் முறை.

குல்லிக்குக்கும் முறைக்கும் வெகு தூரம். அந்த வருடம் மலையிலிருந்து ஆடுகளை இறக்கியபோது அவனுக்கு நாலு பெட்டை குறைந்தது. அஸ்லாக் என்று ஒரு மேய்ப்பன், பாவம், வாயில் ஈ போனாலும் தெரியாத ஆள். அவன்தான் விற்றுவிட்டான் என்று குல்லிக் முடிவு செய்து, அவன் கையைக் கல்தொட்டியின் விளிம்பில் வைத்துக் காலால் மிதித்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எங்கள் முற்றம் வரை கேட்டது. பிறகுதான் அஸ்லாக் எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தது. குல்லிக் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த ஆளைத் தேடினான்.

தலை வாட்டுகிற நாளில் எங்கள் கொல்லுப்பட்டறைக்கு வந்தான்.

வாட்டுவது அறுப்பதைவிடக் கஷ்டம். உலை நெருப்பில் தலையை இடுக்கியால் பிடித்து மயிரைப் பொசுக்க வேண்டும், கத்தியால் சுரண்ட வேண்டும், மறுபடி நெருப்பு, மறுபடி சுரண்டல். தோல் வெடிக்கக் கூடாது, பொன் நிறத்தில் நிற்க வேண்டும். காதுதான் எமன். மெல்லியது. இமைக்கிற நேரம் கூடுதலாகப் போனாலும் கருகிவிடும். காது கருகின தலையைப் பரிமாறுகிறவளைப் பத்து வருடத்துக்குச் சொல்லிச் சிரிக்கும் ஊர் இது. பதினோரு வருடமாக நான் ஒரு காதைக் கருக விட்டதில்லை.

எட்டாவது தலை நெருப்பில் இருந்தபோது வாசல் இருண்டது.

"எத்தன தல?" என்றான் குல்லிக்.

"உனக்கு எத்தன வேணும்?"

"என்னோட நாலு ஆட்டக் காணோம், சின்னேவா."

"மலையில போய்த் தேடு. இது பட்டற."

"பட்டறையிலதான் தேடணும்போல. காதக் காட்டு."

தொப்பி அவன் தலையில் இருந்தது. வாட்டாத ஆறு தலைகள் தரையில் கிடந்தன. அவன் குனியவில்லை. பூட்ஸ் காலால் ஒரு தலையை உருட்டினான். நான் கழுவி வைத்த தலை அது.

"கால எடு."

"ஏன், வலிக்குதா?"

"இன்னொரு தடவ உருட்டுன, இந்த இடுக்கிய உன் வாயில விடுவேன்."

"மறைக்க ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

நான் அன்று குனிந்து ஒவ்வொரு காதாகத் தூக்கிக் காட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பதினான்கும் எங்கள் ஆடுதான். ஐந்து நிமிட வேலை. ஆனால் எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் நிற்கும், அன்றைக்கு அது தலைக்கு ஏறிவிட்டது.

"உன் ஆட்ட அறுக்கணும்னா ஒளிஞ்சு அறுக்க மாட்டேன்," என்றேன். "உன் முற்றத்துல வச்சு அறுப்பேன். ஒரு நாள் அறுக்கத்தான் போறேன். காத மட்டும் உனக்கு அனுப்பி வைக்கிறேன், ஊறப்போட்டுத் தின்னு."

அவன் இன்னொரு தலையை உதைத்தான். அது உலைக்கல்லில் மோதிப் பல் தெறித்தது. பக்கத்தில் கிடந்த எரிகிற கட்டையை எடுத்து நேராக அவன் முகத்துக்கு நீட்டினேன். தாடி பொசுங்கிய நாற்றமும் ஆட்டு மயிர் நாற்றமும் ஒன்றுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவன் கட்டையைத் தட்டிவிட்டு என்னை அறைந்தான். திறந்த கைதான், ஆனால் அந்தக் கை. தலைக் குவியலின் மேல் விழுந்தேன். உதடு கிழிந்து வாய் நிறைய ரத்தம். அவன் என் வயிற்றில் காலை வைத்து, அழுத்தாமல், வைத்து மட்டும் எடுத்தான்.

"கண்டுபிடிப்பேன்," என்றான். "கண்டுபிடிச்ச அன்னிக்கு உன்னத் தொட மாட்டேன். உன் ஆம்பளயத்தான்."

அவன் போன பிறகு பார்த்தேன், வாசலுக்கு வெளியே ஹல்லே நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் வாளி. எவ்வளவு நேரமாக நின்றான் என்று நான் கேட்கவில்லை. வாளித் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது.

எழுந்து வந்தால், எட்டாவது தலை நெருப்பிலேயே கிடந்தது. கன்னம் தப்பித்துவிட்டது. வலது காதின் நுனி கரி. கத்தியை வைத்ததும் பிளவு இருந்த இடம் முழுக்க உதிர்ந்துபோய், மிச்சம் நேராக மொட்டையாக நின்றது. அச்சு அசல் குல்லிக் குறி. கிழிந்த உதட்டோடு எனக்குச் சிரிப்பு வந்தது. அவனே வந்து என் ஆட்டுக்குத் தன் குறியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டேன். கோடாலியால் தலையை நெடுக்காகப் பிளந்து, மூளையை எடுத்து, மற்றவற்றோடு உப்பில் போட்டேன். ஹல்லேயிடம்கூடச் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் முதல் காது, எனக்கு வெட்கம்.

அன்று சாப்பிடும்போது ஹல்லே தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவன் ஆடு எதுவும் நம்மகிட்ட இல்லல்ல, சின்னேவா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்றேன். "வாளியத் தூக்கிட்டு நிப்ப."

அவன் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

தலைகள் உப்பிலிருந்து புகைக்கு ஏறின. ஜூனிப்பர் புதர்க் கிளை போட்டு மூட்டிய புகையில் தொங்கித் தொங்கிப் பழுப்பாகின. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு எங்கள் பக்கத்தில் தலை தின்கிற ஞாயிறு. இரண்டு பங்காளி வீடும் சேர்ந்துதான் சாப்பிடும், ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. அந்த வருடம் எங்கள் முறை.

"கூப்பிட வேண்டாம்," என்றேன்.

"கூப்பிடாம விட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்றான் ஹல்லே.

எதை ஒத்துக்கொண்ட மாதிரி என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஆராதனை முடிந்து மதியம் வந்தார்கள். குல்லிக், அவன் மனைவி ஊத்னி, கூடவே தேவாலயத்தில் மணி அடிக்கிற கிழவர் மோன்ஸ். மோன்ஸுக்கு வோஸிலுள்ள அத்தனை வீட்டுக் காதுக் குறியும் மனப்பாடம். அவரை வேண்டுமென்றே கூட்டிவந்திருந்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எனக்குப் பயமே வரவில்லை, பாருங்கள். தப்புச் செய்யாதவளுக்கு என்ன பயம் என்று ஒரு திமிர். குல்லிக்கின் தாடியில் நான் பொசுக்கின இடம் இன்னும் சமமாகவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்று மணி நேரம் வெந்த தலைகள். ஆளுக்குப் பாதித் தலை, உருளைக்கிழங்கு, டர்னிப் மசியல், தட்டை ரொட்டி. நானே காய்ச்சிய பீர் பெரிய மரக்குவளையில் சுற்றி வந்தது. முதல் வாய்க்கு முன்னால் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் சாராயம், கொழுப்பு தொண்டையில் ஒட்டாமல் இருக்க. கருகின காது இருந்த பாதியை என் தட்டில் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் காதும் கண்ணும்தான் முதலில் தின்ன வேண்டும். கொழுப்பு அதிகம், ஆறினால் வாயில் வைக்க முடியாது. ஒரே வாயில் போட்டுவிட்டால் என் வெட்கம் என்னோடு போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"வீட்டுக்காரி பெரிய பாதியா பாத்து எடுத்துக்கிட்டாங்க போல," என்றான் குல்லிக்.

"உன்னுதும் அதே அளவுதான்."

"அப்ப மாத்திக்கலாமே."

அவன் கை நீண்டு என் தட்டை இழுத்தது. தன் தட்டை என் பக்கம் தள்ளினான். நான் விட்டேன். காது கருகினதைப் பார்த்து நக்கல் அடிப்பான், அடிக்கட்டும், தாடியைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

அவன் இடுப்புக் கத்தியை உருவி, காதை இரண்டு விரலால் தூக்கினான். அப்புறம் அசையவில்லை. ஊத்னி உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தினாள்.

"மோன்ஸ்," என்றான், ரொம்ப மெதுவாக. "வலது காது. நுனி இல்ல. இது யாரு குறி?"

கிழவர் எட்டிப் பார்த்தார்.

"குறின்னு பாத்தா… உன்னோடதுதான், குல்லிக்."

"அது கருகுனது," என்றேன். "பட்டறையில நீ என்ன அடிச்சப்போ தல நெருப்புல கெடந்துச்சு. நுனி கருகி உதிர்ந்துடுச்சு. அது எங்க ஆடு."

குல்லிக் சிரித்தான். "பதினோரு வருசமா ஒரு காது கருகாதாம் இவளுக்கு. ஊரெல்லாம் சொல்லித் திரிவா. இந்த ஒண்ணு மட்டும் கருகிடுச்சாம், அதுவும் என் குறியாப் பாத்து."

"மோன்ஸ் ஐயா, நீங்களே பாருங்க. குட்டியில வெட்டுன காதுன்னா ஓரத்துல தோலு மூடி உருண்டிருக்கும். கருகுனதுன்னா உள்ள இருக்குற குருத்தெலும்பு வெள்ளையாத் தெரியும். வெளிச்சத்துல பாத்தா பச்சப் புள்ளையும் சொல்லிடும்."

"அது சரிதான்," என்றார் மோன்ஸ். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அத வெட்டி எடுங்க. ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்துடறேன். ஒரு நிமிஷ வேலை. ஞாயித்துக்கெழம சண்ட வேண்டாம்."

குல்லிக்குக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். காதை வேரோடு வெட்டி, கத்தி முனையில் குத்தி மோன்ஸிடம் நீட்டினான். கிழவர் கையை நீட்டினார். ஒரு முழ தூரம். அந்த ஒரு முழத்தில் என் வாழ்க்கை முழுக்க இருந்தது.

ஹல்லே எழுந்தான். யாரிடமும் எதையும் பறித்தறியாத மனிதன் கத்தி முனையிலிருந்து காதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். மெல்லக்கூட இல்லை. கண் பிதுங்க முழுங்கப் பார்த்தான்.

என்ன நடந்தது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, எனக்கு மட்டும் புரியவில்லை.

குல்லிக் மேசையைத் தாண்டி வந்தான். தட்டுகள், தலைகள், பீர் எல்லாம் தரையில். ஹல்லேயின் தொண்டையை ஒரு கையால் பிடித்து, மறு கையின் விரல்களை வாய்க்குள் விட்டான். ஹல்லே கடித்தான். எலும்பு வரை கடித்தான், எனக்குச் சத்தம் கேட்டது. குல்லிக் கத்தவில்லை, உறுமினான், ஹல்லேயின் தலையைச் சுவரில் அடித்தான், ஒன்று, இரண்டு, மூன்று. மோன்ஸ் நடுவில் போனார், முழங்கை பட்டு பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தார்.

அடுப்பிலிருந்து தலை வெந்த பாத்திரத்தைத் தூக்கினேன். கொதிக்கிற கொழுப்புத் தண்ணீர். குல்லிக்கின் முதுகிலும் கழுத்திலும் ஊற்றினேன், மிச்சம் வைக்காமல். அவன் தோல் சட்டையோடு சேர்ந்து சுருண்டது. அப்போதும் பிடியை விடவில்லை. ஊத்னி பின்னாலிருந்து என் முடியைப் பிடித்து இழுத்தாள். திரும்பி அவள் முகத்தில் காலிப் பாத்திரத்தால் அடித்தேன். அவளோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவள் மூக்கு இன்றைக்கும் கோணல்தான், அதற்காக நான் அழுதிருக்கிறேன்.

ஹல்லே முழுங்கிவிட்டான். தொண்டை ஏறி இறங்கியது. குல்லிக் அதைப் பார்த்தான்.

"உள்ளதான இருக்கு," என்றான் மூச்சிரைக்க. "எடுத்துடலாம்."

வேட்டை மிருகத்தின் வயிற்றைத் திறக்கிறவன் எப்படிக் கத்தியை வைப்பானோ அப்படியே வைத்தான், விலாவுக்குக் கீழே, முனை மேல்நோக்கி. உள்ளே விட்டு இழுத்தான். ஆட்டில் எத்தனையோ முறை கேட்ட சத்தம். என் வீட்டில், என் மனிதனின் மேல் அதைக் கேட்டேன்.

பிறகு நான் செய்தது முழுக்க ஞாபகம் இல்லை. முக்காலி ஒன்று என் கையில் இருந்தது. குல்லிக்கின் தாடையில் அடித்தேன், அது ஒரு பக்கமாகத் தொங்கியது. கத்தி பிடித்த கையில் அடித்தேன். அவன் விழுந்த பிறகும் அடித்தேன். மோன்ஸ் என் காலைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, போதும், செத்துடுவான்," என்று அழுதார். சாகட்டும் என்றுதான் அடித்தேன். அவன் சாகவில்லை.

ஹல்லே சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் வயிற்றை மூடியிருந்தான், விரல் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. குனிந்து அதைப் பார்த்தான். மயங்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டேஷன் பக்கத்திலிருந்து டாக்டர் வந்து தைத்தார். இரைப்பையில் ஓட்டை, இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். குல்லிக்கைப் பலகையில் போட்டுத் தூக்கிப் போனார்கள். அவனுக்குப் பிறகு ஐந்து வருடச் சிறைதான் கிடைத்தது. கையும் களவுமாகத் திருடனைப் பிடித்தவன் ஆத்திரத்தில் குத்திவிட்டான் என்று நீதிமன்றத்தில் பேசினார்கள். மோன்ஸ் பார்த்ததைச் சொன்னார், பொய் சொல்லவில்லை. ஒரு மனிதன் காதைப் பிடுங்கி முழுங்கினான் என்றால் கேட்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அது போகட்டும். நான் சொல்ல வந்தது திங்கள்கிழமை மதியத்தைப் பற்றி.

ஊர்க் காவலைப் பார்க்கிற லென்ஸ்மன் மறுநாள் காலை வாக்குமூலம் வாங்க வருவதாக ஆளனுப்பியிருந்தார். ஹல்லேக்குக் காய்ச்சல் கொதித்தது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"சின்னேவா, கேட்டுக்க," என்றான். "நான்தான் எடுத்தேன்னு சொல்லப்போறேன். மலையில இருந்து எறக்குறப்போ கலந்து வந்துச்சு, பிரிச்சுக் குடுக்காம நானே வச்சுக்கிட்டேன்னு. நீ காதப் பாக்கவே இல்லன்னு சொல்லு. பதினாலு அறுக்குறவ ஒவ்வொண்ணாவா பாப்பா."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் புரிந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எதுக்கு அத முழுங்குன?"

"மோன்ஸ் ஜன்னல்கிட்ட கொண்டுபோயிருந்தா அது அவன் ஆடுன்னு தெரிஞ்சிருக்குமே." மூச்சு வாங்கினான். "நீ கருகுனதுன்னு நல்லாத்தான் சொன்ன. ஆனா அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தடவையாச்சும் வாளியக் கீழ வைக்கணும்னு தோணுச்சு."

கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"ஹல்லே, என்னப் பாரு. நான் திருடல. அது நம்ம ஆடு. சாம்பல் கலர்ல ஒரு பெட்ட, போன வருசம் ரெட்டக் குட்டி போட்டுச்சே, அதோட தல. குல்லிக் என்ன அறஞ்சப்போ நெருப்புல கெடந்து காது கருகிடுச்சு. வெக்கத்துல உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். அன்னிக்கு நீ கேட்டப்போ கோவத்துல இல்லன்னு சொல்லாம விட்டுட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. கர்த்தர் மேல ஆணையா நான் அவன் ஆட்டத் தொடல."

அவன் முழுதும் கேட்டான். கண்ணீர் வழிந்து என் உதடு வரை வந்தது, அவன் கையைத் தூக்கி அதைத் துடைத்தான். கை நெருப்பாகச் சுட்டது.

"இது நல்லா இருக்கு," என்றான். "அந்த ரெட்டக் குட்டி போட்டதச் சேத்தது ரொம்ப நல்லா இருக்கு. லென்ஸ்மன் உன்னக் கேட்டா இதையே சொல்லு. இப்ப சொன்ன மாதிரியே, நேரா கண்ணப் பாத்து."

நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவன் சிரித்த முகத்தோடு தலையாட்டினான். நான் ஒத்திகை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டே, விடிவதற்குள் செத்துப்போனான்.